அக்கா சொன்ன எடை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சளி விட்டுவிட்டது. இருமல் மட்டும் போக மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் முட்டி வலி எப்படி? அத்தானும் சின்னவளும் சுகமா?

"போன்ல பேசினா ஆகாதா, இந்தக் காலத்துல யாரு கடுதாசி எழுதறா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். உங்கள் வீட்டு போன் வீட்டுக்கே பொது, நீ பேசினால் அத்தான் ஸ்பீக்கரைப் போடுவார், சின்னவள் நடுவில் புகுவாள், உன் மாமியார் பின்னாலிருந்து உனக்கு முன்பே பதில் சொல்வார் என்று விளக்கினேன். "அப்ப சரி, எழுது" என்றாள்.

புது வேலையில் ஒரு மாதம் ஓடிவிட்டது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளின் தாள்களை அடுக்கி வைக்கும் அறை. ஒரே ஒரு ஜன்னல், அதையும் அலமாரி மறைத்துக்கொண்டிருக்கிறது. மார்பகத்தில் கட்டி வந்த பெண்களின் தாள்களை எடுத்து, வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, கட்டியின் வகை என்று கணினியில் ஏற்ற வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். சாயங்காலம் எழுந்தால் முதுகு ஸ்கேல் மாதிரி விறைத்துப்போகிறது.

எங்கள் பெரிய டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி செய்கிறார். இந்தக் கட்டிகளில் ஒரு வகை உண்டாம். மூன்று சோதனைகள் செய்வார்கள், மூன்றிலும் 'இல்லை' என்று வரும். மாத்திரையால் அடக்கக்கூடிய மற்ற வகைகளைப் போல் இல்லாமல் வேகமாகப் பரவும். அது உடம்பு பருத்த பெண்களுக்கு, அதிலும் நாற்பதைத் தாண்டாதவர்களுக்கு, கூடுதலாக வருகிறதா என்பதுதான் கேள்வி. இன்னும் முடிவாகவில்லை. ஆனால் எடைக் கட்டத்தில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று தட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் 'மூன்றும் இல்லை' என்று தட்டும்போதெல்லாம் எனக்கு உன் முகம் வருகிறது.

கோபிக்காதே. கொஞ்சம் எடையைக் குறை அக்கா. உயரத்துக்கு ஏற்ற எடை போட்ட அட்டவணை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பயப்படாதே. முதலில் எண்பதுக்குள் வா, போதும். மாதாமாதம் எவ்வளவு என்று எனக்கு எழுத வேண்டும்.

உன் நினைவாக,
ஊசி


ஜனவரி 24

அன்புள்ள ஊசிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி. முட்டி தன் கடமையைத் தவறாமல் செய்கிறது.

உன் கடிதத்தை என் தையல்கடையில் பள்ளிச் சீருடைகளுக்கு நடுவில் வைத்துப் படித்தேன். இரண்டு பள்ளிக்கூடத்து ஆர்டர். நீலமும் சாம்பலுமாகக் கண் பூத்துப்போகிறது. உன் அட்டவணையையும் பார்த்தேன். என் உயரத்துக்கு அதில் போட்டிருக்கும் எடை நான் எட்டாம் வகுப்பில் இருந்தது. அட்டவணை போட்டவன் ஒரு பிள்ளை பெற்றிருக்க மாட்டான்.

எடையைக் குறைக்கச் சொல்ல நீ எதற்குத் தபால் தலை ஒட்ட வேண்டும்? இங்கே இலவசமாகச் சொல்ல ஊரே இருக்கிறது. முட்டி வலி என்று டாக்டரிடம் போனேன். "எடையைக் குறைங்க." காது அடைத்துக்கொண்டது என்று போனேன். "முதல்ல எடையைக் குறைங்கம்மா." காதில் எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

உன் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அவர் பெண்டாட்டி எங்கே போனாலும் மாடிப்படிதான். ஏன் தெரியுமா? போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் லிஃப்டில் ஏழு பேர் நின்றோம். எட்டாவதாக ஓர் ஒல்லி மனிதர் ஏறினார், மணி அடித்தது. எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நான் இறங்கினேன். கடைசியாக ஏறியவர் நிம்மதியாக மேலே போனார்.

எடை இப்போது தொண்ணூறுக்குப் பக்கம் இருக்கும் என்று எழுதிக்கொள். குறைக்கிறேன். நீ சொன்னால் குறைக்க மாட்டேனா?

ஒன்று கேட்க வேண்டும். கடைக்கு ஓர் அம்மா வருவார்கள். அளவெடுக்கும்போது சொன்னார்கள், இடது மார்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறதாம். வலி இல்லை. வலி இல்லாவிட்டால் பயம் இல்லைதானே? உங்கள் தாள்களில் என்ன போட்டிருக்கிறது?

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த பலூன்


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் இருமல் திரும்ப வந்துவிட்டது. இங்கே வேறு குறை இல்லை. அங்கே எப்படி?

அந்த அம்மாவிடம் உடனே டாக்டரிடம் போகச் சொல். வலி இருந்தால்கூடப் பரவாயில்லை, பெரும்பாலும் வலியே இல்லாமல்தான் வரும். அநேகமாக ஒன்றும் இருக்காது, ஆனால் ஊசி குத்திப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. நான் தட்டும் தாள்களில் 'கட்டியை முதலில் கவனித்தது எப்போது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆறு மாதம், எட்டு மாதம் என்று எழுதியிருக்கும். இத்தனை நாள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவர்கள் குண்டா என்று கேட்டுச் சொல், அப்படியானால் இன்னும் அவசரம்.

உன் சங்கதிக்கு வருகிறேன். 'தொண்ணூறுக்குப் பக்கம்' என்றால் எந்தப் பக்கம்? நகைச்சுவையால் என்னைத் தள்ளிவிடப் பார்க்காதே. நடக்கத் தொடங்கு. சோற்றைப் பாதியாக்கு. இந்த விஷயத்தில் நான் ஈவு இரக்கம் பார்க்கப்போவதில்லை.

அன்புடன்,
ஊசி


மார்ச் 3

அன்புள்ள ஊசிக்கு,

பதில் தாமதம். சீருடை வேலை கழுத்தை நெரித்தது. நீ நன்றாகத் தூங்குகிறாயா? எனக்கு ஏனோ உட்கார்ந்த இடத்திலேயே அசதி வருகிறது.

நீ சொன்னபடி நடக்கிறேன். காலையில் கடை திறப்பதற்கு முன் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்புகிறேன். சாயங்காலச் சோற்றை விட்டுவிட்டேன். சின்னவள் என் தட்டைப் பார்த்து, "அம்மா, உனக்கு யாரு தண்டனை குடுத்தா?" என்று கேட்கிறாள். உன் அத்தானுக்கு என் பட்டினி பிடிக்கவில்லை. "இருக்கற வேலைக்கு இது வேறயா?" என்று முனகுகிறார்.

எடை எண்பத்தைந்து. போதுமா மேடம்?

அந்த அம்மாவிடம் சொன்னேன். போகிறேன் என்றார்கள். டாக்டர் முதலில் எடையைப் பற்றித்தான் பேசுவார், அதற்கு ஒரு வழி செய்துவிட்டுப் போகிறேன் என்கிறார்கள். ஆமாம், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார்கள்.

அதிகம் எழுத முடியவில்லை. கை ஓய்ந்துபோகிறது.

உன்,
பலூன்


மார்ச் 14

என் தங்கமான அக்காவுக்கு,

எண்பத்தைந்தா! அறையில் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். உனக்கு அசதி வருவது இயல்புதான், உடம்பு பழக வேண்டும் இல்லையா. நான் நலம்.

பெரிய டாக்டரம்மாவிடம்கூட உன்னைப் பற்றிச் சொன்னேன், இரண்டு மாதத்தில் இவ்வளவு குறைத்திருக்கிறாள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ரொம்ப வேகமா இருக்கே, பாத்து" என்றார். அவருக்கு எப்போதும் எதிலும் சந்தேகம்தான்.

ஆயிரத்து இருநூறு தாள் முடித்துவிட்டேன். இப்போதெல்லாம் எண்களைப் பார்த்தாலே ஆள் தெரிகிறது. உயரம், இடுப்பு, எடை மூன்றையும் வரிசையாகப் படித்தால், அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற மாதிரி இருக்கும். பெயர் தெரியாத ஆயிரத்து இருநூறு பேரோடு வேலை செய்கிறேன்.

அடுத்த கடிதத்தில் எழுபதுகளில் ஓர் எண் வேண்டும். விடாதே!

பெருமையுடன்,
உன் ஊசி


ஏப்ரல் 20

அன்புள்ள ஊசிக்கு,

சுகம். நீ சுகமா?

எழுபத்தெட்டு. நீ கேட்ட எண் வந்துவிட்டது.

வேலை நெருக்கடி. பிறகு எழுதுகிறேன்.

பலூன்


மே 11

அன்புள்ள ஊசிக்கு அத்தான் எழுதுவது,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவளுக்கு இடது மார்பில் கட்டி. ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, "இன்னிக்கு டாக்டர்கிட்ட போகணும், வர்றீங்களா?" என்று கேட்டாள். சும்மா முட்டிக்கு என்று நினைத்துப் போனேன். அங்கே அவள் காட்டியபோதுதான் எனக்கே தெரியும். எலுமிச்சை அளவுக்கு இருந்தது. ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். உனக்குப் புரியும் என்பதால் தாள்களை நகல் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். மூன்று சோதனையிலும் இல்லை என்று போட்டிருக்கிறது. இல்லை என்றால் நல்லதுதானே என்று நான் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே விளங்கிவிட்டது.

முதலில் மருந்து ஏற்றுகிறார்கள், இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை. மே ஐந்தாம் தேதி முதல் தடவை முடிந்தது. அடுத்தது இருபத்தாறு, அதற்கடுத்தது ஜூன் பதினாறு. கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன்.

ஜனவரியிலேயே அவளுக்குத் தெரியுமாம். "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "கொஞ்சம் குறைச்சிட்டுப் போகலாம்னு இருந்தேன்" என்றாள். எதைக் குறைத்துவிட்டு என்று கேட்டதற்குத் தையல் மிஷினுக்கு எழுந்து போய்விட்டாள். எத்தனையோ லிஃப்டை நின்ற இடத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னதாகக் காட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்


மே 18

அக்கா,

அத்தான் எழுதினார். அவரைத் திட்டாதே.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. வாந்தி இருக்கிறதா? தண்ணீராவது இறங்குகிறதா?

விடுப்பு கேட்டிருக்கிறேன். ஜூன் இருபத்திரண்டிலிருந்து இரண்டு வாரம் கிடைக்கும். அதற்கு முன்பே வந்துவிடுவேன், ஆனால் நீ விரட்டுவாய் என்று அத்தான் சொல்கிறார். மருந்து ஏற்றப் போகும்போது முன்பக்கம் பொத்தான் வைத்த, உடம்பைப் பிடிக்காத சட்டை இருந்தால் சௌகரியம் என்று இங்கே நர்ஸ்கள் சொன்னார்கள். உன்னை இப்போது மிஷினில் உட்கார வைக்கக் கூடாது. என் அறைக்குக் கீழே ஒரு தையல்கடை இருக்கிறது. உன் அளவுகளை எழுதி அனுப்பு. மெல்லிய பருத்தியில் மூன்று தைத்துக் கொண்டுவருகிறேன்.

தாள்களைப் படித்தேன். சிகிச்சை முறையாகத்தான் இருக்கிறது.

வேறு நிறைய எழுத நினைத்தேன். எதையும் எழுதாமல் கவரை ஒட்டுகிறேன்.

ஊசி


மே 29

அன்புள்ள ஊசிக்கு,

இரண்டாவது தடவை முடிந்து மூன்று நாள் ஆகிறது. இன்றுதான் எழுந்து உட்கார முடிந்தது. வாயில் ஆணியைச் சப்பியது போல் ருசி. முடி கையோடு வருகிறது. உன் அத்தான் சொல்லாமல் சீப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, எனக்காக வாட வேண்டாம்.

கடைக்கு வந்த அந்த அம்மா யார் என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு என் நன்றி.

நான் ஏன் டாக்டரிடம் போனேன் என்று சொல்கிறேன். அதுவரை ஏன் போகவில்லை என்பதை வேறொரு நாள் எழுதுகிறேன். ஏப்ரலில் எனக்கே ஒரு சட்டை வெட்டலாம் என்று அளவெடுத்தேன். இடது பக்கம் வலதைவிட முக்கால் அங்குலம் அதிகம். திரும்ப எடுத்தேன், அதே முக்கால். துணி வெட்டுகிறவளுக்கு அதற்கு மேல் சாட்சி எதற்கு?

மருந்து ஏற்றும் அறையில் பன்னிரண்டு நாற்காலி, ஒரே ஒரு நர்ஸ். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். எடை பார்க்கும் மிஷின் ஒன்று மூலையில் போர்வை போர்த்திக் கிடக்கிறது, ரிப்பேராம். "எவ்ளோ கிலோம்மா?" என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். எனக்கு அது ஒரு நிம்மதி. இதற்கு முன் போன இடங்களில் எல்லோர் முன்பும் ஏற்றி நிறுத்திச் சத்தமாகப் படிப்பார்கள்.

அளவுகள் கீழே. உன் கடைக்காரனிடம் ஒரு நூல்கூட மாற்றாமல் கொடு. அளவில் விளையாடினால் துணி வீணாகும்.

உயரம் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர், ஆஸ்பத்திரியில் எடுத்தது. மார்பு நாற்பத்தெட்டு அங்குலம், இடது பக்கம் மட்டும் முக்கால் சேர்த்து வெட்டட்டும். இடுப்பு நாற்பத்து நான்கு. உட்காரும் இடத்தைச் சுற்றி ஐம்பது. மேல்கை பதினாறு, ஊசி குத்த வசதியாக இன்னும் இரண்டு விடச் சொல். கழுத்துப் பட்டை வேண்டாம்.

தையலை இடைவெளி விடாமல் நெருக்கமாகப் போடச் சொல். மற்றவர்கள் தையல் எனக்குப் பிடிக்காது, தெரியும்தானே.

பலூன்


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி. உடம்பு எப்படி என்று அத்தான் தன் கம்பெனி போனிலிருந்து தினமும் ஒரு வரி அனுப்புகிறார், அதனால் கேட்கவில்லை.

உன் அளவுச் சீட்டைத் தையல்கடைக்குக் கொண்டுபோகும் வழியில் படியில் நின்று படித்தேன். உயரம் நூற்று ஐம்பத்தாறு. இடுப்பு நாற்பத்து நான்கு. சுற்றி ஐம்பது. இப்போது இரண்டாயிரம் தாள் முடித்திருக்கிறேன் அக்கா. எண்களைப் படித்தால் ஆள் தெரியும் என்று ஒருமுறை பெருமையடித்தேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பெண்ணுக்கு எழுபத்தெட்டு கிலோ இல்லை. தொண்ணூற்றைந்துக்குக் குறையாது.

அத்தான் அனுப்பிய நகலை எடுத்துப் பார்த்தேன். எடை என்ற இடத்தில் எழுபத்தெட்டு. எனக்கு எழுதிய அதே எண். முதல் தடவை படித்தபோது அது என் கண்ணில் விழுந்து, நான் கடந்து போயிருக்கிறேன்.

நீ உயரமும் சுற்றளவும் பார்த்துத் துணி எடுப்பது போலத்தான் இந்த மருந்தையும் எடுக்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்து உடம்பின் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு அதற்குத் தக்கபடி அளக்கிறார்கள். எழுபத்தெட்டுக்கு அளந்தால் உனக்குப் பத்தில் ஒரு பங்கு குறையும். இரண்டு தடவை குறைந்த அளவில் வெட்டியாகிவிட்டது. எஞ்சியதையாவது சரியாக வெட்ட வேண்டும்.

பெரிய டாக்டரம்மாவிடம், யாரென்று சொல்லாமல், ஒன்று கேட்டேன். எடையால்தான் இந்த வகை வருமா என்று. "ரெண்டும் சேந்து வருது, அவ்ளோதான் சொல்ல முடியும். இவங்களுக்கு இதனாலதான்னு ஒருத்தரைக் காட்டிச் சொல்ல முடியாது. இந்த அலமாரியில ஒல்லியானவங்க தாளும் எவ்ளோ இருக்கு, நீதானே தட்டற?" என்றார். நான்தான் தட்டுகிறேன். அவர்களைத் தட்டும்போது எனக்கு யார் முகமும் வந்ததில்லை. ஜனவரியில் உனக்குக் கடிதம் எழுதியபோதும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

உன் எடையால் இது வந்ததா என்று யாருக்கும் தெரியாது. நான் எழுதிய கடிதத்தால் மூன்று மாதம் போனது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவைப் பற்றி மார்ச் மாதம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கடிதத்தில் அது இருந்தது. நான் எண்பத்தைந்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஏழு வயதில் நான்தான் உனக்கு அந்தப் பெயரை வைத்தேன். இனிமேல் அதைப் போட்டுக் கையெழுத்துப் போடாதே.

இரண்டு முறை போன் செய்தேன். ஒருமுறை சின்னவள் எடுத்தாள், மறுமுறை உன் மாமியார். ஸ்பீக்கரில் சொல்லும் விஷயமா இது? வைத்துவிட்டேன். பதினாறாம் தேதி அடுத்த மருந்து. அதற்குள் நீயே உன் வாயால் சொல்லி, எடை நிறுத்துப் பார்க்கச் சொல். அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த அறைக்கே போன் செய்வேன். நீ சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்வேன். உனக்கு என்மேல் வெறுப்பு வந்தாலும் சரி.

சட்டைகள் தைத்தாகிவிட்டன. உன் அளவுக்கு.

தங்கை


ஜூன் 18

அன்புள்ள ஊசிக்கு,

மருந்து ஏறி இரண்டு நாள். இந்தத் தடவை ஆளைப் புரட்டி எடுக்கிறது. நல்ல அறிகுறி என்று வைத்துக்கொள்வோம். பாதியை நேற்று எழுதினேன், மீதியை இன்று. நீ சாப்பிட்டாயா?

உன் கடிதத்தைக் கடையில் வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். எதற்கு என்று கேட்காதே. கண்டுபிடித்ததற்கு.

ஏன் போகவில்லை என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத அதிகம் இல்லை. கட்டி என்று போய் நின்றால் "முதல்ல எடையைக் குறைங்க" என்பார்கள் என்று நினைத்தேன். நீயும் அதைத்தான் எழுதியிருந்தாய். சரி, குறைத்துவிட்டே போவோம் என்று நடந்தேன், பட்டினி கிடந்தேன். டேப் ஒரு நூல் நகரவில்லை. எடை மிஷினில் நான் ஒரு நாளும் ஏறவில்லை. எண்பத்தைந்தும் எழுபத்தெட்டும் உனக்காகவே எழுதியவை. அந்த நர்ஸ் கேட்டபோது உன் அத்தான் பக்கத்தில் நின்றார். அவரிடமும் அதே எண்ணைத்தான் சொல்லி வைத்திருந்தேன். வாயில் அதுதான் வந்தது. எண்ணால் மருந்து மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். படியில் ஏற மூச்சு வாங்கியது. பாதியில் உட்கார்ந்து அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் எனக்குக் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப எவ்ளோதான் இருக்கும்?"

"தெரியாது."

"சரி, வா. மிஷினைப் பாப்போம்."

நேராக மருந்து ஏற்றும் அறைக்குப் போய்ப் போர்வையை எடுத்தார். "சார், கழட்டினா என்னைத் திட்டுவாங்க" என்று நர்ஸ் பதறினாள். "நாங்க வந்த நாள்லேர்ந்து கழண்டுதானேம்மா கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்துப் போட்டார். எடை கூடினால் லிஃப்டில் மணி அடிக்க வைக்கும் சாமான் எதுவோ அதுவேதான் இதற்குள்ளும் இருக்கிறதாம். ஒரு கம்பி விட்டிருந்தது. முறுக்கி ஒட்டிவிட்டு, தானே ஏறிப் பார்த்தார். அறுபத்தொன்று. "போன மாசம் கம்பெனியில பாத்த அதே எடை. சரியா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

பதினாறாம் தேதி நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அளவைத் திருத்தி எழுதினார். போன இரண்டு தடவை போனதுதான், அதைத் திரும்ப ஏற்ற முடியாது, இனி வருபவை சரியாக இருக்கும் என்றார். கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லையாம். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்களையும் நர்ஸ் ஏறச் சொன்னாள். அறுபது என்று இதுவரை சொல்லி வந்த ஒருத்தி எழுபத்தொன்று இருந்தாள். என்னைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் ஒரு தங்கை இருக்கலாம்.

பெயரைப் பற்றி எழுதியிருந்தாய். மற்றவர்கள் வாயில் அது எனக்குப் பிடிக்காது. உன் வாயில் அப்படி இல்லை. ஏழு வயதில் நீ அதைச் சொல்லிவிட்டு என் வயிற்றில் தலை வைத்துத் தூங்குவாய். அதை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

இருபத்திரண்டாம் தேதி வா. ஊசி நூல் கொண்டுவா, சட்டையில் எதையாவது பிரிக்க வேண்டியிருக்கும்.

இனி அந்தக் காலை. நாற்காலிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். மிஷின் நடுவில் இருந்தது. உன் அத்தான் வாசலில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அடியில் ஏதோ கிறீச்சிட்டது, மணி அடிக்கவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு என் காதருகில் வந்து மெதுவாகச் சொல்ல வாயெடுத்தாள். "சத்தமாவே சொல்லுங்க, எழுதறவங்களுக்குக் கேக்கட்டும்" என்றேன்.

"தொண்ணூத்தாறு புள்ளி நாலு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை ஊசி. ஒருத்தி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், ஒருத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவரவர் களைப்பு அவரவருக்கு.

அப்போதுதான் சுவரில் இருந்த போன் அடித்தது. நர்ஸ் எடுத்துப் பேசிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "உங்க தங்கச்சியாம். ஏதோ எடை விஷயமா அவசரமா சொல்லணுமாம். என்ன சொல்ல?"

"ஏறி நிக்கிறேன்னு சொல்லுங்க."

உன்,
பலூன்